உடையார் வீட்டுத் துவக்கு

குகதாசன் துவக்கை மேசையில் வைத்த விதமே ஹப்ஸாவுக்குப் பிடிக்கவில்லை. பொன்னாடை போர்த்தப் போகிறவர் மாதிரிச் சிவப்பு வெல்வெட் துணியை இரண்டு கைகளிலும் ஏந்திவந்து, சாப்பாட்டு மேசையின் நடுவில் இறக்கி, மடிப்பு மடிப்பாக விலக்கினார். கடைசி மடிப்பை விலக்குமுன் ஒருதரம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அசந்து போவாள் என்ற எதிர்பார்ப்பு அவர் கண்ணில் பச்சையாகத் தெரிந்தது. ஹப்ஸா அசரவில்லை. ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு ஒன்று, அவ்வளவுதான். மரப்பிடி புத்தம்புதிது, வார்னிஷ் மணம்கூட இன்னும் போகவில்லை. அடிப்பக்கத்து விசைப்பொறி வேறெங்கோ வாங்கிப் பொருத்தியது. குழல் மட்டும்தான் பழையது. எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்துப்போயிருந்தது.

"எங்கடை பூட்டன், அரசாங்கம் ஊருக்கு வைச்ச உடையாரின்ரை துவக்கு டீச்சர்," என்றார் குகதாசன். "ஒல்லாந்தர் காலத்துச் சாமான். பரம்பரையா வந்தது."

கொக்குவிலில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், ஆளுயர மதிலுக்குள் இருந்தது அந்த வீடு. நோர்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் குகதாசன் திரும்பி வந்து, பூட்டப்பட்டுக் கிடந்த பெரிய பகுதியைத் திருத்தி, வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் விடுதியாக்கியிருந்தார். வரவேற்பறைச் சுவர் முழுக்கப் பழைய சாமான்கள்: தாம்பாளம், பாக்குவெட்டி, பல்லக்குக் கொம்பு, மண்ணெண்ணெய் விளக்கு. ஒவ்வொன்றின் கீழும் வெண்ணெய் நிறத்தில் ஓர் அட்டை, அதில் தமிழிலும் இங்கிலீசிலும் வரலாறு. துவக்குக்கு மட்டும் அட்டை இன்னும் எழுதப்படவில்லை. கொழும்பிலிருந்து வந்து தங்கிய ஒருவர் அதைக் கண்டுவிட்டு, குழலில் ஏதோ கோலம் தெரிகிறது, அது உண்மையான பின்னல் இரும்பா அல்லது சாதாரண உருக்கில் அச்சடித்த கோலமா என்று பார்க்க வேண்டும், வயதையும் சரியாகக் கணிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து குகதாசனுக்கு நித்திரை இல்லை.

அவருடைய தங்கை உதயகலாதான் ஹப்ஸாவை அழைத்தது. இருவரும் ஒரே பாடசாலை. உதயகலா வரலாறு, ஹப்ஸா இரசாயனவியல். "இரும்பும் அமிலமும் உம்முடைய பாடமெல்லே, ஒருக்கா வந்து பாருமன்," என்று உதயகலா ஆசிரியர் அறையில் வைத்துக் கேட்டபோது, ஹப்ஸாவுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. அவள் இந்தப் பாடசாலைக்கு மாற்றம் வாங்கி வந்த நாளிலிருந்து, நன்றாகத்தான் பழகுகிறார்கள், ஆனால் ஒருவரும் வீட்டுக்கு வா என்று கேட்டதில்லை. "புத்தளத்துக்கு எப்ப போறியள்?" என்றுதான் கேட்பார்கள். விடுமுறை வந்தால் ஊருக்குப் போகத்தானே வேண்டும் என்ற அக்கறையோடு கேட்பார்கள். என்ரை ஊர் இந்த யாழ்ப்பாணத்துச் சோனகதெரு, முஸ்லிம்களின் தெரு, நான் பிறந்தது பெரியாஸ்பத்திரியில், படித்தது இங்கே, உயர்தர வகுப்புப் பாதியில், தொண்ணூறில், ஆயுத இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் அடித்துத் துரத்தியதில்தான் புத்தளம் போனோம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவா முடியும்? சொல்லாமல் சிரித்துவிட்டுப் போகப் பழகியிருந்தாள். இந்த அழைப்பு அப்படிப்பட்டதில்லை. ஆகவே ஒரு வாரமாகப் பழைய துவக்குகளைப் பற்றிப் போனில் தேடித்தேடிப் படித்தாள். காலையில் எழும்பி முட்டையும் சர்க்கரையும் அடித்து வட்டிலப்பம் அவித்துக் கொண்டுவந்தாள். இன்று சனிக்கிழமை விரதம், இந்த வீட்டில் முட்டை சேராது என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது. பிழை அவளுடையதுதான். பாத்திரம் மூடி திறக்காமல் மேசையின் ஓரத்தில் இருந்தது.

"ஒல்லாந்தர் காலமா இருக்கேலாது அண்ணை," என்றாள் ஹப்ஸா, துவக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்ததும்.

குகதாசனின் முகம் சுருங்கிற்று. அவள் பொறுமையாக விளக்கினாள். ஒல்லாந்தர் காலத்துத் துவக்குகளில் மருந்தையும் குண்டையும் முன்வாயால் போட்டு இடிக்க வேண்டும். குழலின் பின்பக்கம் அடைபட்டிருக்கும். இதிலோ பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற அமைப்பு. ஒல்லாந்தர் கோட்டையை இங்கிலீசுக்காரரிடம் விட்டுப்போய் அரை நூற்றாண்டுக்கும் மேலே கழிந்த பிறகுதான் இந்த வகை வந்தது. "உங்கடை பூட்டன் வாங்கியிருக்கலாம். ஆனால் ஒல்லாந்தரிட்டை வாங்கியிருக்கேலாது."

"சரி, அப்ப இங்கிலீசுக்காரர் குடுத்தது," என்றார் குகதாசன், சட்டென்று. பூட்டனுக்குத் துவக்குக் கொடுத்த அரசாங்கத்தை ஒரு நொடியில் மாற்றிவிட்டதைப் பார்த்து ஹப்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது. "இரும்பைப் பாருங்கோ. இரும்புதான் முக்கியம்."

அவரே துவக்கை மடித்து, முன்கட்டையைக் கழற்றி, குழலைக் கொளுவியிலிருந்து விடுவித்துப் பத்திரிகைத் தாளில் வைத்தார். பிடி தனியே, குழல் தனியே ஆயிற்று. ஹப்ஸா கைப்பையிலிருந்து ஆய்வுகூடத்துச் சிறிய போத்தலை எடுத்தாள். அமிலம் என்றதும் அவர் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார்.

"ஐயோ டீச்சர், அசிட் எல்லாம் வேண்டாம். அரிச்சுப்போடும்."

"தண்ணி மாதிரிக் கரைச்சது அண்ணை. ஒண்டும் செய்யாது."

"இல்லை, இல்லை. வேறை வழியிருந்தால் பாருங்கோ."

பின்பக்கத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. விருந்தினருக்குக் காட்டுவதற்கென்று தென்னங்கிடுகு வேய்ந்து ஒரு பழங்காலக் குசினி கட்டியிருந்தார் குகதாசன். அங்கே சமைக்கிற குணலட்சுமி, மழையில் நனைந்த விறகோடு போராடிக்கொண்டிருந்தாள். வாயால் ஊதுவதும் இருமுவதும் இங்கே கேட்டது. "குணலட்சுமி, புகை உள்ளுக்கு வருது!" என்று குகதாசன் சத்தம் போட்டார். ஹப்ஸா அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்தபடியே, "அப்ப கொஞ்சம் பழப்புளி தாங்கோ," என்றாள்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்று யோசித்தால் இரசாயனக் காரணம் ஒன்று இருக்கத்தான் செய்தது. புளியிலும் அமிலம் உண்டு, மெதுவாக வேலை செய்யும். ஆனால் அந்தக் கேள்வி அவளுடைய படிப்பிலிருந்து வரவில்லை. கை கேட்டது.

உதயகலா பழப்புளியும் தண்ணீரும் கொண்டுவந்தாள். ஹப்ஸா குழலின் நடுப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய அரத்தாளால் தேய்த்தாள். கறுப்புப் போய், கோலமும் போய், இரும்பு வெறும் வெள்ளையாக மினுங்கிற்று. குகதாசன் பதறினார். "அச்சடிச்ச கோலமெண்டால் இதோடை முடிஞ்சுது," என்றாள் அவள். "உண்மையான பின்னலெண்டால் திரும்பி வரும். இரும்புக் கம்பியையும் உருக்குக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, காய்ச்சி, சுத்தி அடிச்சுச் செய்த குழல் அது. கோலம் மேலை இல்லை, உள்ளுக்கு இருக்கு. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது." பிறகு பழப்புளியைப் பிசைந்து, விரல்களால் அந்த இடத்தில் அப்பி, சுற்றிச் சுற்றித் தேய்த்தாள்.

புளியும் இரும்பும் சேர்ந்த மணம் எழும்பிற்று.

அவளுடைய கை நின்றது. அந்த மணம் அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக் காலை, சோனகதெரு வீட்டின் கிணற்றடி, உம்மா பாத்திரமெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு சாம்பலும் பழப்புளியும் போட்டு மினுக்குவாள். கிடாரம், சட்டி, சஹன், கடைசியாக ஊதுகுழல். ஊதுகுழலைத் தேய்க்கிற வேலை ஹப்ஸாவுக்கு. கையைக் கழுவியும் மத்தியானச் சோற்றில் அந்த மணம் வரும் என்று அவள் சிணுங்குவாள்.

வயது போனால் இப்படித்தான், எதைக் கண்டாலும் பழசு கிளம்பும் என்று தன்னைத் தானே கடிந்துகொண்டு, புளியை அப்படியே ஊறவிட்டுத் தேநீர் குடித்தாள். குகதாசன் நோர்வேயின் பனியைப் பற்றிக் கதைத்தார். உதயகலா கோப்பையின் காதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

ஈரத்துணியால் புளியை வழித்தபோது கோலம் திரும்பி வந்திருந்தது. சாம்பலும் வெள்ளியுமாக, அலை அலையாக, செதில் செதிலாக. உதயகலா மூச்சை இழுத்தாள். குகதாசன், "வந்திட்டுது! வந்திட்டுது!" என்று பிள்ளை பிறந்ததுபோலக் கத்தினார். ஹப்ஸா ஒரு செதிலை விரலால் தொட்டாள். தம்பி றஊப் சின்ன வயதில் அந்த ஊதுகுழலைத் தொடமாட்டான். பாம்புச் சட்டை போட்டிருக்குது, கடிக்கும் என்று அழுவான். அவனைப் பயமுறுத்துவதற்கென்றே அவள் வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுக்கு இரண்டுதரம் புளி போட்டுத் தேய்ப்பாள். செதில்கள் பளிச்சென்று தெரிய வேண்டுமே.

உலகத்தில் பின்னல் குழல் ஒன்றா இரண்டா இருக்கிறது? அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குழலின் முன்வாய்ப் பக்கத்தைப் பார்த்தாள். குறிபார்க்கிற பித்தளை மணி புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு ஒரு விரற்கடை பின்னால், பழைய மணி இருந்த இடம் தட்டையாக அராவப்பட்டிருந்தது. விரலால் தடவினாள். அராவிய கீறல்கள் கோணலாக, ஒரே திசையில் சாய்ந்திருந்தன. வாப்பா இடதுகைக்காரர்.

வாப்பாவின் வாப்பா கொழும்பில் எங்கோ வாங்கி வந்து, கொழும்புத்துறைக் கடற்கரைச் சேற்றில் தாரா சுட்ட துவக்கு அது. எண்பதுகளின் நடுவில் ஆயுத இயக்கங்கள் வீடுவீடாக வந்து துவக்குகளைக் கேட்டபோது, வாப்பா மரப்பிடியையும் விசையையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, குழல் கறள் பிடித்து உக்கி எறிந்தாயிற்று என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். தன் வாப்பாவின் சாமானில் பாதியையாவது வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். அன்றிரவே குறிமணியை அராவி எடுத்துவிட்டு, குழலை உம்மாவின் கையில் கொடுத்தார். "இண்டையிலிருந்து இது ஊதுகுழல். ஆர் கேட்டாலும் ஊதுகுழல்." இயக்கப் பெடியங்கள் இரண்டாம் முறை வந்து தேடியபோது உம்மா அவர்களுக்கு முன்னாலேயே குந்தியிருந்து அதால் அடுப்பு ஊதினாள். தேநீரும் ஊற்றிக் கொடுத்தாள். வாப்பா அந்தக் கதையைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குழலின் அடியிலிருந்த இரும்புக் காதால், உம்மா அதை அடுப்படி ஆணியில் கொளுவி வைப்பாள்.

"முன்வாயைப் பாத்தனியளோ டீச்சர்?" குகதாசன் குனிந்து காட்டினார். "ஒரு கை அகலத்துக்கு நிறம் மாறி, பொரிஞ்சு கிடக்கு. எத்தினை வெடி வைச்சிருந்தால் இப்பிடிச் சூடேறியிருக்கும்! பூட்டன் கலகக்காரரை இதாலைதான் கலைச்சவராம்."

வெடி வைத்தால் முன்வாய் வெளிப்பக்கத்தால் வேகாது. தணலுக்குள் வைத்து வைத்து எடுத்தால்தான் அப்படி வேகும். ஐந்து வருடம், மூன்று நேரமும், ஒரு பெண் மூச்சைப் பிடித்து ஊதிய அடையாளம் அது. அதைப் போய் இந்த மனிசன் பூட்டனின் வீரமாக்கி வைத்திருக்கிறாரே என்று நினைத்தபோது, ஹப்ஸாவுக்குக் கோபம் பொங்கிற்று. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, தாழும்.

"இது எங்கையிருந்து வந்தது அண்ணை?"

"சொன்னனே, பூட்டன்..."

"பூட்டனை விடுங்கோ. குழலைக் கேக்கிறன்."

"நான் நோர்வேயாலை வரேக்கை பின்னறையிலை கிடந்தது. பிடி உக்கிப்போச்சு. அதுதான் புதுசாச் செய்விச்சனான்."

"உக்கின பிடியைக் கண்டனியளோ?"

"காணேல்லை. உக்கித்தானே இருக்க வேணும்."

"பிடி இருக்கேல்லை அண்ணை," என்றாள் உதயகலா. கோப்பையைப் பார்த்தபடிதான் சொன்னாள். "வரேக்கையே இரும்பு மட்டும்தான் வந்தது."

பின்னால் குணலட்சுமியின் இருமல் கேட்டது.

"எப்ப வந்தது உதயா?" என்று ஹப்ஸா கேட்டாள்.

"தொண்ணூறு கடைசியிலை. மழைக்காலம். அம்மா வாங்கினவ. செப்புக் கிடாரம் ஒண்டு, பெரிய தட்டு ஒண்டு, இது. எல்லாத்தையும் ஒண்டாக் கட்டித்தான் வித்தவங்கள்." உதயகலா நிமிர்ந்தாள். "சோனகதெருச் சாமான் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

ஹப்ஸாவின் கண் தன்னையறியாமல் சுவருக்குப் போயிற்று. தாம்பாளம். உடையார் வீட்டு விருந்துகளில் பயன்படுத்தப்பட்டது என்று அதன் அட்டை சொன்னது. ஆறுபேர் சுற்றி இருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுகிற சஹன் அது. இந்த வீட்டு உடையார் யாரோடு ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டிருப்பார்? தங்களுடைய சஹன்தானா, பக்கத்து வீட்டுச் சஹனா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது.

குகதாசன் தொண்டையைச் செருமினார். "டீச்சர், ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. நாங்கள் ஒருத்தற்றையும் பறிக்கேல்லை. அந்த நேரம் ஊரே வாங்கினது. அம்மா காசு குடுத்துத்தான் வாங்கினவ."

"ஆருக்குக் குடுத்தவ?"

அவர் வெல்வெட் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"எங்கடை உம்மாவுக்குக் குடுக்கேல்லை," என்றாள் ஹப்ஸா. "அவ அப்ப புத்தளத்து உப்பளப் பக்கம் கிடுகுக் கொட்டிலுக்குள்ளை, நனைஞ்ச விறகை வாயாலை ஊதிக்கொண்டு இருந்தவ."

"நான் அப்ப நாட்டிலேயே இல்லை."

"ஓம் அண்ணை. நானும்தான் ஊரிலை இல்லை."

அந்தக் காலை அவளுக்கு வரிசையாகத்தான் நினைவிருக்கிறது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இயக்கத்தின் ஒலிபெருக்கி கூப்பிட்டது. எல்லாரும் மைதானத்துக்கு வரவேண்டும் என்றது. கூட்டம் முடிந்து வந்து இறக்கலாம் என்று உம்மா விறகைக்கூட இழுக்கவில்லை, ஊதுகுழலை ஆணியில் கொளுவிவிட்டு வந்தாள். மைதானத்தில் வைத்துத்தான் சொன்னார்கள், இனி இந்த ஊரில் நீங்கள் இருக்க முடியாது என்று. வீட்டுக்குப் போய்ச் சோற்றை இறக்கி வைக்கவும் விடவில்லை. கழற்றி வாங்கிய நகைக்கு உம்மா அழவில்லை. நகை போன வழியில் போகட்டும் என்றாள். ஆனால் பிறகு எந்த அடுப்பின் முன் குந்தினாலும், "அடுப்பை எரியவிட்டிட்டு வந்திட்டன்," என்பாள். புத்தளத்துப் பள்ளிவாசல் மையவாடியில் அவளை அடக்கிய வருடம்வரை அதைச் சொன்னாள். அந்த அடுப்பை யார் அணைத்தார்கள், வெந்த சோற்றை யார் தின்றார்கள் என்று ஹப்ஸாவும் யோசித்ததுண்டு. ஆணியில் தொங்கியதை யாரோ கழற்றி, கிடாரத்தோடு சேர்த்துக் கட்டி விற்றிருக்கிறார்கள்.

"சரி, இப்ப என்ன செய்வம்?" குகதாசன் நியாயமான மனிதர் என்று பேர் எடுத்தவர். அந்த நியாயம் முகத்துக்குத் திரும்பி வந்தது. "உங்களுக்கு வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போங்கோ. நான் உங்களுக்கு அன்பளிப்புச் செய்ததா இருக்கட்டும்."

"அன்பளிப்போ?"

"பின்னை?"

ஹப்ஸா குழலைப் புரட்டி, அடிப்பக்கத்து அழுக்கைப் புளித்துணியால் துடைத்தாள். வந்த வேலையை முடிக்காமல் விடுவது அவளுடைய பழக்கமில்லை. இரும்புக் காதுக்குப் பக்கத்தில் சின்ன நீள்வட்டமும், அதற்குள் எழுத்துகளும் தெரிந்தன. நீள்வட்டத்தின் மேலே கிரீடம் இல்லை. பெல்ஜியத்தில் துவக்குகளைச் சோதித்துப் பார்க்கிற கூடத்தின் முத்திரை. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில்தான் அதன் மேலே கிரீடம் சேர்த்தார்கள். இது அதற்கு முந்தியது. சின்ன வயதில் எத்தனை வெள்ளிக்கிழமை தேய்த்தும் இதை அவள் கவனித்ததில்லை.

"எழுதுங்கோ," என்றாள். "அட்டையிலை எழுதுங்கோ. பெல்ஜியத்திலை செய்தது. ஆயிரத்து எண்ணூற்று எண்பது அளவு. முறுக்குப் பின்னல் இரும்பு, அச்சுக் கோலமில்லை."

குகதாசன் பேனையை எடுத்து உற்சாகமாக எழுதினார். எண்பது என்ற எண்ணுக்கு அடியில் கோடும் போட்டார். எழுதி முடிந்ததும் பேனை நின்றது.

"குடும்பம் எண்ட இடத்திலை... இப்பிடிப் போடுவமே. 'யாழ்ப்பாணத்துப் பழைய குடும்பமொன்றின் சொத்து.' உங்களுக்கும் பொருந்தும், எங்களுக்கும் பொருந்தும்."

"அந்தக் குடும்பத்துக்குப் பேர் இல்லையோ?"

"பேர் போட்டால் வாறவை கேள்வி கேப்பினம் டீச்சர். எப்பிடி உங்களிட்டை வந்தது எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும்."

"பழசுகளைக் கிளறி என்ன காணப்போறம்? எல்லாரும்தான் இழந்தது. எங்கடை ஆக்கள் இழக்காததோ? இப்ப நீங்களும் இஞ்சை வந்து, நல்ல வேலை, நல்ல மரியாதையோடை இருக்கிறியள்..."

"நான் இஞ்சை வரேல்லை," என்றாள் ஹப்ஸா. குரல் இன்னும் தாழ்ந்துவிட்டது. "நான் திரும்பி வந்தனான். உங்களைப் போலத்தான் அண்ணை. நீங்கள் நோர்வேயாலை வந்து கதவைத் திறந்தியள், வீடு இருந்தது, பின்னறை இருந்தது, சாமான் இருந்தது. எங்கடை வீட்டிலை கூரையில்லை. அரசமரம் ஒண்டு சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. எங்கடை சாமானைப் பாக்க வேணுமெண்டால் நான் உங்கடை வீட்டுச் சுவரைப் பாக்க வேண்டிக் கிடக்கு. அதிலையும் உங்கடை பூட்டன்ரை பேர் எழுதிக் கிடக்கு. களவு போனதைக்கூட நான் பொறுத்துக்கொள்ளுவன். அந்தக் குழலை ஊதின மனிசி இல்லாமல் போறதை நான் பொறுக்கமாட்டன்."

இவ்வளவையும் அவள் யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகு ஒருவரிடமும் சொன்னதில்லை. றஊப் போனில் எப்போதும் சொல்வான், விடுங்கோ ராத்தா, நீங்கள் அவையளுக்குள்ளை இருக்க வேணுமெல்லே என்று. அவள் விட்டுத்தான் வந்தாள். விட்டு விட்டு, கடைசியில் கையில் இது வந்து நிற்கிறது.

குகதாசன் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். "பிறகு ஆறுதலாக் கதைப்பம்," என்றார். கதை முடிந்தது என்பதற்கு அது யாழ்ப்பாணத்து மரியாதையான சொல். மரப்பிடியை எடுத்து இடுப்பில் அண்டக் கொடுத்துக்கொண்டு, பூட்டி வைப்பதற்குக் குழலை எடுக்கக் கையை நீட்டினார்.

அதற்குள் ஹப்ஸா குழலைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

அவர் அவள் வாசற்பக்கம் போகப்போகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் பின்பக்கம் போனாள். கிடுகுக் குசினிக்குள் புகை குடத்துக்குள் அடைத்ததுபோல் நின்றது. குணலட்சுமி கண்ணைக் கசக்கிக்கொண்டு, முகம் சாம்பலாக, அடுப்பின் முன் மண்டியிட்டிருந்தாள். நனைந்த பனைமட்டைகள் கண்ணீர் விட்டன, எரியவில்லை. ஹப்ஸாவைக் கண்டதும் அவள் எழும்பப் பார்த்தாள்.

"இருங்கோ அக்கா. கொஞ்சம் அரக்கி இருங்கோ," என்று சொல்லி, ஹப்ஸா சேலையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். கடைசியாக இப்படிக் குந்தி எத்தனையோ வருடம், முழங்கால் நொந்தது. வெந்த முன்வாயைத் தணல் கிடந்த இடம் பார்த்துச் சாம்பலுக்குள் செருகினாள். பின்வாய் பெரியது, சும்மா ஊதினால் காற்று வழிந்து போய்விடும். அதற்கு உம்மா ஒரு வழி வைத்திருந்தாள். ஹப்ஸா இடதுகையைப் பொத்திக் குழலின் வாயில் வைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் சின்ன வழி விட்டு, அதில் உதட்டை வைத்தாள். புளிப்பும் கறளும் நாக்கில் பட்டன. ஊதினாள்.

முதலில் சாம்பல்தான் எழும்பிற்று. இரண்டாம் முறை அடியில் எங்கோ ஒரு சிவப்பு கண் விழித்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு வரவேற்பறைக்கு வந்துவிட்ட, விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு ஓடிவந்த குகதாசன், வாசலில் தலை இடிபட நின்றார்.

"டீச்சர், என்ன செய்யிறியள்? சூடு பட்டால் கோலம் போயிடும்!"

ஹப்ஸா திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தாள். அவருடைய கைக்குக் கீழால் குனிந்து உதயகலா உள்ளே வந்தாள். மூலையில் கிடந்த காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டை ஒன்றை எடுத்து, நாராகக் கிழித்து, ஹப்ஸாவின் முகத்தைப் பாராமலே தணலுக்கு மேலே வைத்தாள். ஹப்ஸா மூன்றாம் முறை ஊதினாள். நீளமாக, நிறுத்தாமல் ஊதினாள். குழல் அடிவயிற்றில் உறுமிற்று. பொச்சு குப்பென்று பற்றி, சுவாலை பானையின் அடியை நக்கி மேலே ஏறியது. அந்த வெளிச்சத்தில் இரும்பின் செதில்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

புகை விலகியபோது, குழலில்லாத மரப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு குகதாசன் இன்னும் வாசலில்தான் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. பானைக்குள் தண்ணீர் முனகத் தொடங்கிற்று. ஹப்ஸா குழலைக் கீழே வைக்காமல் அடுத்த மூச்சை எடுத்தாள்.